நூற்றுக்கு அறுபத்தொன்று

சுபலட்சுமி மூன்றாவது தடவையாக எண்ணினாள்.

சமையலறை மேடையில் ஈரத்தாள்கள் நான்கு விரிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் வரிசைக்குப் பத்தாக நூறு நெல். பதினான்கு நாளைக்கு முன்னால் அவளே பொறுக்கி வைத்துச் சுருட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்தியது. நல்ல விதையாக இருந்தால் இந்நேரம் தாளே தெரியாதபடி வேரோடியிருக்க வேண்டும். இதிலோ பல்லுப் போன வாய் மாதிரி நடுநடுவே இடைவெளி. முளைக்காத நெல்லை விரலால் அமுக்கினால் கூழாகக் கசிந்தது.

முதல் தாளில் ஐம்பத்தெட்டு. அடுத்ததில் அறுபத்து மூன்று. அறுபது. கடைசித் தாளில் மறுபடியும் அறுபத்து மூன்று. சராசரி போட்டால் நூற்றுக்கு அறுபத்தொன்று.

விதை நெல் என்று சொல்லி விற்க, குறைந்தது எண்பதாவது முளைக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் எட்டிப் பார்த்தபோதே பாதிதான் முளைத்திருந்தது. பிந்தி முளைக்கிறதும் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளை மறுபடி சுருட்டி வைத்தாள். அதற்குள் வைகை அணையில் தண்ணீர் திறக்கப்போகிற செய்தி வந்துவிட்டது. கணவன் அழகுராஜா, சோதனை முடியட்டும் என்று காத்திராமல், கேட்டு வந்த விவசாயச் சம்சாரிகளுக்கு மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். பங்குனியில் பார்த்த சோதனையில் எல்லாமே தொண்ணூறுக்கு மேல் இருந்ததே, பிறகென்ன என்றான்.

இந்த நாற்பது மூட்டை மட்டும்தான் இப்படி. விதை நெல் சேமிக்கும் கிட்டங்கியில் மூன்றாவதாக அடுக்கியிருந்த மூட்டைகள். முதல் இரண்டு அடுக்கின் தாள்கள் பக்கத்திலேயே விரிந்து கிடந்தன. அவற்றில் எண்பத்தொன்பது, தொண்ணூறு. குறையே இல்லை.

மூன்றாம் அடுக்கின் பக்கத்தில்தான் ஜன்னல். போன வாரம் அந்த மூட்டைகளில் அந்துப்பூச்சி பறந்ததைப் பார்த்ததும் அழகுராஜா கொதித்துப்போனான். சித்திரையில் அடித்த கோடை மழையில் ஜன்னலைச் சாத்தாமல் விட்டது யார் என்று கேட்டான். கிட்டங்கிச் சாவி சுருளியிடம்தான் இருந்தது. அழகுராஜா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்த வீட்டில் வேலை பார்க்கிறவர் சுருளி. ‘சுருளியண்ணே’ என்றே அழைத்துப் பழகிய வாய் அன்றைக்கு ‘டேய்’ என்றது. களத்தில் விதை வாங்க வந்த நாலு பேர் நின்றிருந்தார்கள். நாளையிலிருந்து வராதே என்றான். சுருளி சாவியைக் கழற்றித் தராசின் மேல் வைத்துவிட்டு நடந்தார்.

சுபலட்சுமி அங்கேதான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

“என்ன வந்திருக்கு?” பின்னால் அழகுராஜாவின் குரல் கேட்டது. குளித்துவிட்டுத் துண்டோடு நின்றான்.

“அறுபத்தொண்ணு.”

அவன் தாளைக் குனிந்து பார்த்தான்.

“நான் சொன்னேன்ல? எல்லாம் அந்தச் சுருளி பண்ண வேலை. ஒரு ஜன்னலைச் சாத்த முடியல.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “எம்புட்டு மூட்டை வெளிய போயிருக்கு?”

“இருபத்திரெண்டு. ஒம்பது பேரு வாங்கியிருக்காக.”

“சரி, பதறாத. ஏக்கருக்கு ஒரு மூட்டை போடுற எடத்துல ஒண்ணரையாப் போடச் சொல்லுவோம். கூடுதல் விதையை நம்மளே கொடுத்துருவோம். வெளிய தெரியாமப் போயிரும்.”

“முளைக்கிறதும் நோஞ்சானாத்தாங்க வரும். இந்தா பாருங்க வேரை. இது நாத்தாகி, நடவு நட்டு... நம்பி வாங்கினவுகளுக்கு அதையா கொடுக்கிறது?”

“அப்ப என்ன செய்யணுங்கிற? ஊரெல்லாம் போயி எங்க விதை சொத்தைன்னு தண்டோராப் போடணுமா?”

அவள் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “ஒரு நிமிஷம் கிட்டங்கிக்கு வாங்க” என்றாள்.

கிட்டங்கி வீட்டுக்குப் பின்னால், களத்தை ஒட்டி இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் பார்த்துப் பார்த்துக் கட்டியது. தரை ஈரம் ஏறாமல் இருக்க மரச்சட்டம், சுவரில் படாமல் இருக்க ஒன்றரை அடி இடைவெளி, ஓதம் வராத புதுச் சாக்கு. ஒவ்வொரு மூட்டையிலும் ஓர் அட்டை தொங்கும். விதையின் பெயர், மூட்டை கட்டிய தேதி, ஈரப்பதம், கீழே சுபலட்சுமியின் கையெழுத்து. அவள் வேதியியல் படித்தவள். மிஷினில் நெல்லைப் போட்டு ஈரம் பார்ப்பதும் எழுதுவதும் அவள் பொறுப்பு. ‘அந்தம்மா எழுதினா சரியா இருக்கும்’ என்று அவர்கள் இருக்கிற அலங்காநல்லூரிலிருந்து பாலமேடு வரைக்கும் பெயர்.

“ஜன்னல் பக்கத்து மூட்டையை விடுங்க. உள்பக்கம், சுவத்தோரம், அடியில இருக்கிறதை உருவுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“உருவுங்க, சொல்றேன்.”

மேல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, அடி மூட்டையை அவன் இழுத்துப் போட்டான். ஜன்னலுக்கு எட்டடி தள்ளிக் கிடந்த மூட்டை. எந்த மழைச் சாரலும் அங்கே எட்டியிருக்க முடியாது. சுபலட்சுமி தையலைப் பிரித்தாள். புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். நெல் வெதுவெதுப்பாக இருந்தது.

“நீங்களும் கையை விட்டுப் பாருங்க.”

அவன் பார்த்தான். முகம் மாறியது.

“இது ஜன்னல்ல வந்த ஈரம் இல்ல” என்றான் மெதுவாக. “உள்ளயே இருந்த ஈரம். காயாமலே கட்டியிருக்கு.” அட்டையைத் திருப்பிப் படித்தான். “பன்னெண்டு புள்ளி எட்டுன்னு போட்டிருக்கே?”

“அன்னைக்கு மிஷின்ல வந்தது பதினாலரை.”

“என்னது?”

“ஆர்த்திகாவுக்குக் காய்ச்சல்னு கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருந்து போன் வந்த அன்னைக்கு. ரத்தத்துல தட்டணு இருபதாயிரத்துக்கு எறங்கிருச்சுன்னாக. நீங்க ஊர்ல இல்ல. மானம் வேற மழைக்கு இருட்டிக்கிட்டு நின்னுச்சு. இன்னும் ரெண்டு நாள் வெயில் காட்டணும்னு தெரியும். களத்துலயே விட்டுட்டுப் போனா மழையில அம்புட்டும் நனைஞ்சிரும். அதேன்... சரியான ஈரந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூட்டையைத் தைக்கச் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். வந்ததும் பிரிச்சுக் காயப் போடுவோம்னு நினைச்சேன்.”

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது மூன்றாம் அடுக்கு ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. மகள் பிழைத்து வந்ததே பெரிது என்றிருந்த நேரம். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். பங்குனிச் சோதனையில் தொண்ணூறு வந்ததும் தன் பயம் வீண் என்றே முடிவுகட்டிவிட்டாள். கட்டிய புதிதில் ஈர நெல்லும் முளைக்கத்தான் செய்யும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை அப்போது நினைத்துப் பார்க்க மனசு ஒப்பவில்லை.

அழகுராஜா பிரித்த சாக்கின் வாயை மடக்கி மூடினான். கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“பிள்ளைக்கு முடியாத நேரம். நீ எழுதினதைக்கூட நான் ஒண்ணும் சொல்லல” என்றான். “போன வாரம் சுருளியண்ணனை நான் என்னவெல்லாம் வைஞ்சேன்? நீ பக்கத்துல தானே நின்ன, சுபா?”

அவள் தலைகுனிந்தாள்.

“நின்னுக்கிட்டே தானே இருந்த?”

அவன் எழுந்து நடந்தான். வெளியே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஆர்த்திகா ஓணம் விடுமுறைக்குத் தன்னோடு ஊருக்கு வந்திருந்த தோழியை ரயிலேற்றிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். சுபலட்சுமி ஒளிக்கவில்லை. முழுக்கச் சொன்னாள்.

“என்னாலதானா?” என்றாள் மகள்.

“உன்னால இல்ல. நீ காய்ச்சல்ல கெடந்த. பொய் எழுதினது நான்.”

ஆர்த்திகா விற்பனை நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “நம்பரை வாசிக்கிறேம்மா. ஆளுக்குப் பாதியா அடிப்போம்” என்றாள்.

மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். இன்றைக்கே பலர் விதையை ஊறப்போடுவார்கள். ஊறிவிட்டால் திருப்பி எடுக்க ஒன்றுமில்லை. அந்த அவசரத்தில் காலைச் சாப்பாட்டை இருவருமே மறந்தார்கள். போனில் கிடைத்தவர்களிடம், ‘அந்த மூட்டையைப் பிரிக்காதீங்க, மாத்தித் தாறோம்’ என்று சொன்னார்கள். கிடைக்காதவர்களைத் தேடி சுபலட்சுமி ஸ்கூட்டரில் போனாள். குமாரம் கிராமத்தில் ஒருவர் அண்டாவில் நெல்லைக் கொட்டி, தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய சமயத்தில் போய் நின்றாள்.

“ஏம்மா, என்ன கோளாறு?” என்று கேட்டவர்களிடம், “காயாமக் கட்டிட்டேன். தப்பு என்னுது” என்றாள். முதல் வீட்டில் அதைச் சொல்ல நாக்கு புரளவில்லை. நான்காவது வீட்டில் சரளமாக வந்தது. சரளமாக வருவதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பகல் ஒரு மணிக்குள் எட்டுப் பேரைத் தடுத்தாகிவிட்டது. கொண்டையம்பட்டி மொக்கராசுவின் போன் மட்டும் அணைந்தே கிடந்தது. நான்கு மூட்டை வாங்கியவர்.

“அவர் வீட்டுல யாராச்சும் இருப்பாக, நான் விடாம அடிச்சுப் பாக்குறேன்” என்றாள் ஆர்த்திகா. “நீ எங்கம்மா மறுபடியும் கெளம்புற?”

“மதுரைக்கு. பழங்காநத்தத்துல சுருளியண்ணன் மக வீட்டுக்கு.”

சுருளி மகள் வீட்டில் இல்லை. நாலு தெரு தள்ளி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் காவல் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள் ஆகிறது என்றார்கள். நீலச் சட்டை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரியதாக இருந்தது. அவளைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்து, பிறகு என்ன நினைத்தாரோ, திரும்ப உட்கார்ந்தார்.

“வா தாயி. இம்புட்டுத் தொலவு வண்டியிலயா வந்த?”

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு கார் வந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்து, மூடிவிட்டு வந்தார்.

“அன்னைக்குச் சாக்கைத் தைச்சது நாந்தேன்” என்றார். “கையில அள்ளும்போதே நெல்லு கனமாத்தேன் இருந்துச்சு. பல்லுல வச்சுக் கடிச்சேன். கடக்குன்னு ஒடையல, சவுக்குன்னு நசுங்குச்சு. அட்டையைப் பாத்தா நீ கையெழுத்துப் போட்டிருக்க. படிச்ச பிள்ள, மிஷின்ல பாத்து எழுதியிருக்கு, நம்ம பல்லு என்னத்தக் கண்டுச்சுன்னு தைச்சுட்டேன்.”

“சொல்லியிருக்கலாமேண்ணே.”

“சொல்லியிருக்கலாம். சொன்னா கேட்டிருப்பியா?”

சுபலட்சுமி கேட்டிருக்க மாட்டாள். அன்றைக்கு அவள் யார் சொல்லையும் கேட்கிற நிலையில் இல்லை.

“மன்னிச்சிருங்கண்ணே. திரும்பி வந்துருங்க. அவுகளுக்கும் வெசனமா இருக்கு.”

சுருளி சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை.

“நீ வந்த, சொன்ன. அது சரி தாயி. ஆனா வைஞ்சது தம்பி. நாலு பேரு முன்னாடி வைஞ்சுச்சு. நான் தூக்கி வளத்த பிள்ள, என்னைய டேய்னு கூப்பிட்டுச்சு. அதை நீ வந்து சொல்லித் தீக்க முடியாதுல்ல? தம்பிதேன் சொல்லணும். நாலு பேரு முன்னாடிதேன் சொல்லணும்.”

“சொல்லச் சொல்றேண்ணே.”

“நீ சொல்லச் சொல்லி அது சொல்லப்படாது.”

அவள் வண்டியைத் திருப்பும்போது அவரே கேட்டார். “மொக்கராசு மூட்டை?”

“அவுகளைத்தேன் பிடிக்க முடியல.”

“அவுகளுக்குப் போர்த் தண்ணி இருக்கே. வாய்க்காலை எதுக்குப் பாக்கப் போறாக? முந்தாநாளே ஊறப்போட்டுட்டாகன்னு என் மச்சினன் சொன்னான். இன்னைக்கு வெள்ளன நாத்தங்கால்ல விதை பாவியிருப்பாக. வெரசாப் போ.”

கொண்டையம்பட்டி போய்ச் சேர மணி ஐந்தாகிவிட்டது. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி வரப்பில் இறங்கியபோதே சுபலட்சுமி பார்த்துவிட்டாள். நாற்றங்கால் சேறு வழுவழுவென்று மட்டம் பிடித்திருந்தது. அதன் மேல் விதை தூவி முடித்திருந்தார்கள்.

வரப்பில் மொக்கராசுவும், அன்றைக்குக் களத்தில் நின்ற மற்ற மூன்று சம்சாரிகளும் நின்றார்கள். அவர்கள் எதிரில் அழகுராஜா. வேட்டியை மடித்துக் கட்டி, கணுக்கால் வரை சேறாக நின்றான். சரக்கு ஆட்டோ ஒன்றில் நான்கு மூட்டை மாற்று விதை இருந்தது. காலையில் கோபித்துக்கொண்டு போனவன் என்றுதான் நாள் முழுக்க அவள் நினைத்திருந்தாள்.

“...சுருளியண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல” என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். “அன்னைக்கு உங்க முன்னாடிதான் அவரை வைஞ்சேன். வைஞ்சது தப்பு. அதை உங்க முன்னாடியே சொல்லணும்னுதான் இவுகளையும் கூட்டிக்கிட்டு வந்தேன். விதையில வந்த கோளாறு என் கோளாறு. பண்ணை என் பேர்ல இருக்கு.”

யாரும் சொல்லிக் கொடுக்காமலே சொல்கிறான் என்பதைச் சுபலட்சுமி கவனித்தாள். ஆனால் கடைசி வார்த்தை சரியில்லை.

“ஈரத்தைக் குறைச்சு எழுதினது நான்” என்றாள் வரப்பில் ஏறி வந்து. “அவுக ஊர்லயே இல்ல.”

அழகுராஜா திரும்பிப் பார்த்தான். தடுக்கவில்லை.

மொக்கராசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வந்ததும் சத்தமாக வரவில்லை.

“மூணு நாளு போச்சு. போகட்டும், மறுபடி உழுது நாத்துப் பாவிக்கிறேன். வாய் விட்டுச் சொன்னீகளே, அதுவே பெருசு. ஆனா ஒண்ணு கேக்குறேன்.” ஆட்டோவிலிருந்த மூட்டைகளைக் காட்டினார். “இந்த அட்டையிலயும் அதே கையெழுத்துத்தானே இருக்கு?”

“இருக்கு.”

“அப்ப இதை மட்டும் நான் எதை வச்சு நம்புறது?”

முளைப்புத் தாளில் தொண்ணூறு வந்தது என்று சொல்ல சுபலட்சுமி வாயெடுத்தாள். அந்த முளைகளை எண்ணியவளும் தான்தானே என்று தோன்ற, அப்படியே நின்றாள். எட்டு வருஷமாக ஊர் நம்பியது அந்த நெல்லை அல்ல, அந்தக் கையெழுத்தை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு வீட்டில் மூட்டையை மாற்றித் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த எட்டுப் பேரும் இதையேதான் கேட்பார்கள்.

“சுருளி வரட்டும்” என்றார் மொக்கராசு. “வந்து மூட்டைக்கு மூட்டை பிரிச்சு, அள்ளிப் பாத்து, கடிச்சுப் பாத்து, நல்ல நெல்லுன்னு அந்த ஆளு வாயால சொல்லட்டும். அப்ப எடுத்துக்கிறேன். இல்லையா, வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போங்க.”

மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

இருவரும் ரோட்டுக்குத் திரும்பி நடந்தார்கள். ஆட்டோ அருகில் வந்ததும் அழகுராஜா கேட்டான். “சுருளியண்ணன் இப்ப எங்க இருக்காரு?”

“பழங்காநத்தத்துல. ஒரு அபார்ட்மென்ட்டு வாசல்ல காவல் வேலை.”

“வாசல்லயா?” அவன் காலில் காய்ந்திருந்த சேற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். “வைஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்கப் போனா, விதைக்காக வந்தேன்னு நினைப்பாருல்ல?”

“நினைப்பாரு.”

“நினைச்சாலும் போகணும்” என்றான். பைக்கை உதைத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமலே, “நீயும் வாரியா?” என்று கேட்டான்.

காலையிலிருந்து அவளைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. “வாரேன்” என்று சொல்லி, ஸ்கூட்டரை மொக்கராசு வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பழங்காநத்தத்தில் தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. குடியிருப்பு வாசலில் அதே பிளாஸ்டிக் நாற்காலி. அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

“சுருளியா? எட்டு மணி வரைக்கும் அவருக்குத்தேன் டூட்டி. நாலரைக்கே என்னையக் கூப்பிட்டு உக்கார வச்சிட்டுப் போயிட்டாரு.”

“மக வீட்டுக்கா?” என்றான் அழகுராஜா.

“இல்லண்ணே. பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும், அலங்காநல்லூர் வண்டியைப் பிடிக்கணும்னாரு. அங்க ஒரு கிட்டங்கியில, தண்ணி வர்றதுக்குள்ள விதை மூட்டையைப் பிரிச்சுப் பாக்கணுமாம். இந்தா, யூனிபார்ம் சட்டையைக்கூடக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரே.”

நாற்காலி முதுகில் அந்த நீலச் சட்டை மடித்துப் போட்டிருந்தது.

சுபலட்சுமி போனை எடுத்து மகளை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிட்டங்கியில் மூட்டை பிரிக்கக் கை கொடுத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ, ஆர்த்திகா எடுக்கவில்லை.